குளம்பழுகலுக்குத் தடுப்பூசி: எல்லாவற்றையும் சேர்த்தால் ஏன் பலன் குறைகிறது?

முன்னங்கால்களை மடக்கி, முழங்காலிட்டு நகர்ந்தபடியே புல் மேயும் செம்மறி ஆட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி எளிதில் மறக்காது. அதற்குப் பசி இருக்கிறது; குளம்பைத் தரையில் ஊன்றத்தான் முடியவில்லை. அருகில் போனால் நாற்றம் வரும். காலைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு குளம்புகளுக்கும் நடுவே தோல் சிவந்து, நசநசத்து, சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருக்கும். நோய் முற்றிவிட்டால் குளம்பின் கெட்டியான ஓடு அடியிலுள்ள சதையை விட்டுப் பிரிந்து, தையல் விட்ட செருப்பு மாதிரி தொங்கும். இதுதான் குளம்பழுகல் நோய்.

கால்நடைகளின் காலில் வரும் நோய் என்றதும் பலருக்குக் கோமாரிதான் நினைவுக்கு வரும். அது வேறு. கோமாரியை உண்டாக்குவது வைரஸ். காலோடு வாயிலும் கொப்புளம் வரும், காய்ச்சல் அடிக்கும், எச்சில் ஒழுகும். குளம்பழுகலை உண்டாக்குவது பாக்டீரியா. வாயில் புண் இருக்காது, நோய் முழுவதும் குளம்போடு நிற்கும். கோமாரிக்குப் போட்ட ஊசி குளம்பழுகலைத் தடுக்காது. இந்த இரண்டையும் முதலிலேயே பிரித்துப் புரிந்துகொள்வது அவசியம். நொண்டும் ஆட்டுக்கு வாயையும் திறந்து பாருங்கள் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

குளம்பழுகலுக்குக் காரணமான கிருமி எது என்று 1941-லேயே தெரிந்துவிட்டது. அதற்குத் தடுப்பூசி 1970-களிலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஆடு வளர்க்கும் நாடுகள் பலவற்றில் இந்த நோய் இன்றும் தீரவில்லை. கிருமியும் தெரியும், ஊசியும் இருக்கிறது, பிறகு எங்கே சிக்கல்? அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிப் பொதுவாகவே நல்ல பாடம் இதில் இருக்கிறது.

ஈரம், காயம், இரண்டு கிருமிகள்

ஆரோக்கியமான, காய்ந்த குளம்புத் தோலில் இந்தக் கிருமியால் நுழைய முடியாது. முதலில் தோல் ஊற வேண்டும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் சேற்றிலும் ஈரப் புல்லிலும் நிற்கும் ஆட்டின் குளம்பிடைத் தோல், வெகுநேரம் தண்ணீரில் கிடந்த நம் விரல்நுனி மாதிரி வெளுத்து, மென்மையாகிவிடும். சாணத்தில் சாதாரணமாக வாழும் ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற பாக்டீரியா அந்தத் தோலில் தங்கி லேசான அழற்சியை உண்டாக்கும். அதோடு நின்றுவிட்டால் பெரிய கெடுதல் இல்லை. தரை காய்ந்ததும் தானாகவே ஆறிவிடும்.

கெடுதல் செய்பவன் அடுத்து வருகிறான். அவன் பெயர் டைகிலோபாக்டர் நோடோசஸ். ஆக்சிஜன் உள்ள இடத்தில் இந்த பாக்டீரியாவால் வளர முடியாது. குளம்போட்டுக்கும் சதைக்கும் இடையிலுள்ள காற்றுப் புகாத இடுக்குதான் அதற்குப் பிடித்த வீடு. புரதத்தை அரிக்கும் நொதிகளைச் சுரந்து, குளம்போட்டைச் சதையோடு ஒட்டவைத்திருக்கும் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். ஓடு பிரிவதும் நாற்றமும் தாங்கமுடியாத வலியும் அதனால் வருபவை. வலியால் ஆடு மேய்ச்சலுக்கு நடக்காது, எடை குறையும், கம்பளி மெலியும். குளம்புப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைப்பதும் உண்டு.

இந்தக் கிருமிதான் குற்றவாளி என்று நிறுவியவர் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் பெவரிட்ஜ். அவர் கண்டுபிடித்த இன்னொரு விஷயம், என் பார்வையில், அதைவிட முக்கியம்: ஆட்டின் காலைவிட்டு வெளியே வந்தால் இந்தக் கிருமி மண்ணில் அதிக நாள் தாக்குப்பிடிக்காது. மேய்ச்சல் நிலத்தை இரண்டு வாரம் போல ஆடு இல்லாமல் காலியாக விட்டால் அந்த நிலம் மறுபடி பாதுகாப்பானதாகிவிடும். ஆனால் ஒரு ஆட்டின் குளம்பு இடுக்கில் அது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட ஒளிந்திருக்கும். அதாவது கிருமியின் ஒரே கோட்டை ஆட்டின் கால். அந்தக் கோட்டையைப் பிடித்துவிட்டால் நோயை ஒரு மந்தையிலிருந்து, ஏன், ஒரு வட்டாரத்திலிருந்தே அடியோடு துடைத்துவிடலாம். மண்ணில் பல ஆண்டுகள் வித்தாக உறங்கும் அடைப்பான் நோய்க் கிருமியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று புரியும். தடுப்பூசி ஆராய்ச்சியில் இத்தனை பேர் விடாமல் உழைத்ததற்கு இந்த வாய்ப்புதான் காரணம்.

ஒருமுறை வந்தால் மறுமுறை வராதா?

அம்மை வந்து குணமானவருக்கு மறுபடி அம்மை வருவது அரிது. குளம்பழுகலில் அப்படி இல்லை. இந்த மழைக்காலத்தில் நொண்டி, குணமான ஆடு அடுத்த மழைக்காலத்தில் மறுபடி நொண்டும். இயற்கையாக வரும் நோய் சொல்லும்படியான எதிர்ப்புச் சக்தியைத் தருவதில்லை.

காரணம் கிருமி இருக்கும் இடம். உடலின் காவல் படை இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் இருக்கிறது. டைகிலோபாக்டரோ தோலின் மேலடுக்கில், இரத்தக் குழாயே இல்லாத பகுதியில் உட்கார்ந்துகொண்டு அரிக்கிறது. வீட்டின் வெளிச்சுவரைச் சுரண்டும் திருடனை உள்ளறையில் இருப்பவர் கவனிக்காததுபோல, காவல் படைக்கு அவன் முகம் சரியாகப் பதிவதே இல்லை. கிருமியின்மேல் ஒட்டி அதை முடக்க உடல் தயாரிக்கும் புரதமான எதிர்ப்பொருள் கொஞ்சம் உருவாகும்; போதுமான அளவு உருவாகாது.

அப்படியென்றால் தடுப்பூசி மட்டும் எப்படி வேலை செய்யும்? கொல்லப்பட்ட கிருமியையோ அதன் ஒரு பகுதியையோ கழுத்துத் தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்தும்போது, காவல் படையின் வாசலுக்கே கொண்டுபோய் முகத்தைக் காட்டுகிறோம். இரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏராளமாகச் சுரக்கிறது. அளவு மிக அதிகமாக இருந்தால் அதில் ஒரு பங்கு குளம்பிடைத் தோலின் மேலடுக்குக்கும் கசிந்து போய்ச் சேரும். கிருமியை எதிர்க்க அந்தக் கசிவு போதும். ஆனால் ஒரு நிபந்தனை: கசிந்து போவது ஒரு பங்குதான் என்பதால், இரத்தத்தில் உள்ள அளவு மிக உயரத்தில் இருக்க வேண்டும். சுமாரான எதிர்ப்பொருள் அளவு இந்த நோயில் கைகொடுக்காது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இதே காரணத்தால் இந்தத் தடுப்பூசிக்கு அபூர்வமான இன்னொரு குணமும் உண்டு. பெரும்பாலான தடுப்பூசிகள் நோய் வருமுன் போட்டால்தான் பயன் தரும். இதுவோ ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருக்கும் ஆட்டையும் குணமாக்க உதவும். நோய் காட்டாத முகத்தை ஊசி காட்டிவிடுவதால், உடல் பிந்தியாவது விழித்துக்கொண்டு கிருமியை விரட்டுகிறது. தடுப்பும் சிகிச்சையும் ஒரே ஊசியில் கிடைப்பது நோயை ஒழிக்கும் முயற்சிக்குப் பெரும் பலம்.

கிருமியின் எந்தப் பகுதியைக் காட்டுவது?

1970-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் எஜர்ட்டனும் அவருடைய சகாக்களும் முழுக் கிருமியைக் கொன்று ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. அந்தக் கிருமியின் எந்தப் பகுதி பாதுகாப்பைத் தருகிறது என்று தேடியபோது விடை அதன் மேற்பரப்பில் இருந்தது: நூலைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய மயிரிழைகள்.

இந்த இழைகள் கிருமிக்குக் கையும் காலும் மாதிரி. இழையைத் தூண்டில்போல நீட்டி ஒரு பரப்பில் ஒட்டவைத்து, பிறகு உள்ளிழுத்துக்கொண்டு தன் உடலை முன்னே நகர்த்தும். இழை உருவாகாதபடி மரபணுவை மாற்றிய கிருமிகளால் ஆட்டுக்கு நோய் உண்டாக்க முடியவில்லை என்பது சோதனைகளில் தெரிந்தது. இழையின்மேல் எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டால் கிருமியின் பிடி தளர்ந்துவிடும். எனவே தடுப்பூசியில் இருக்க வேண்டிய முக்கியப் பொருள் இழைதான்.

இதை ஆலையில் தயாரிப்பது எளிதாக இருக்கவில்லை. காற்றுப் படாமல் வளர்க்க வேண்டும்; மெதுவாக வளரும்; ஆய்வகத்தில் நன்றாக வளர்க்க, அதற்கு உணவாகும் வளர்ப்பு ஊடகத்தில் அரைத்த குளம்புத் தூளையே கலக்கிறார்கள். அப்படி வளர்த்தும், திரும்பத் திரும்பப் புதிய ஊடகத்துக்கு மாற்றும்போது சில கிருமிகள் இழையையே விட்டுவிடும். ஆட்டின் காலில்தான் அதற்கு இழை தேவை, கண்ணாடித் தட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட இழை எதற்கு? இழை இல்லாத கிருமியைக் கொன்று ஊசியாக்கினால் அது வெறும் ஊசி. கிருமி தன் இழையைத் தக்கவைத்திருக்கிறதா என்று தயாரிப்பின் ஒவ்வொரு படியிலும் கண்காணித்தாக வேண்டும்.

1980-களில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதற்கு அழகான ஒரு வழி கண்டார்கள். இழையின் புரதத்துக்கான மரபணுவை மட்டும் எடுத்து, வளர்ப்பதற்கு எளிதான வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். முதலில் எல்லோரும் பயன்படுத்தும் ஈ. கோலையில் முயன்றபோது புரதம் உருவானது, ஆனால் இழையாகக் கோக்கப்படவில்லை. மணிகள் கிடைத்தன, மாலை கிடைக்கவில்லை. பாதுகாப்பைத் தருவது மாலையின் வடிவம். எனவே இதே மாதிரியான இழையைத் தானே கட்டிப் பழகிய சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1987-ல் வெளியான ஆய்வின்படி, அந்த பாக்டீரியா அந்நியப் புரதத்தையும் முறையாகக் கோத்து, தன் மேற்பரப்பில் முழு இழையாக நீட்டியது. கால்நடைத் தடுப்பூசி வரலாற்றில் இந்த வேலைக்குக் கிடைக்க வேண்டிய புகழ் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பத்து வகை, ஒரே ஊசி

இனிதான் சிக்கல். எல்லா டைகிலோபாக்டருக்கும் ஒரே மாதிரி இழை இல்லை. இழையின் அமைப்பை வைத்து அவற்றைப் பத்து வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏ-யிலிருந்து ஐ வரை ஒன்பது, பிறகு எம். ஒரு வகையின் இழைக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் மற்ற வகையை ஏறக்குறைய கண்டுகொள்ளாது. பி வகைக்கு ஊசி போட்ட ஆட்டை ஈ வகை தாராளமாகத் தாக்கும். ஒரே மந்தையில் இரண்டு மூன்று வகைகள் சேர்ந்து இருப்பதும் சகஜம். சில மந்தைகளில் அதைவிட அதிகம்.

இதைக் கேட்டதும் யாருக்கும் தோன்றும் தீர்வு, எல்லா வகையையும் ஒரே ஊசியில் கலந்துவிடுவது. தயாரிப்பாளர்களும் அதைத்தான் செய்தார்கள். பல நாடுகளில் விற்கப்படும் குளம்பழுகல் தடுப்பூசி, ஏ முதல் ஐ வரை ஒன்பது வகைகளைச் சேர்ந்த கிருமிகளை உள்ளடக்கியது. எந்த வகை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், ஒரே குப்பி எல்லோருக்கும் பொருந்தும்.

பொருந்தியது. ஆனால் பலம் குறைந்தது. ஒரு வகையை மட்டும் தனியாகப் போட்டால் எழும் எதிர்ப்பொருள் அளவோடு ஒப்பிட்டால், அதே வகையை மற்ற எட்டோடு கலந்து போடும்போது எழுவது மிகவும் குறைவு. பாதுகாப்பு சில மாதங்களே நீடித்தது. இந்த நோய்க்கு எளிதில் பலியாகும் மெரினோ இன ஆடுகளில் அதைவிடக் குறுகிய காலம். உடலில் ஏறும் மொத்த மருந்தின் அளவைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். ஒவ்வொரு வகையின் அளவையும் குறைக்காமல் அப்படியே வைத்துக் கலந்தபோதும் வீழ்ச்சி இருந்தது. சூடோமோனாஸ் வழியே தயாரித்த சுத்தமான இழைகளைக் கலந்தபோதும் இதே கதைதான். சிக்கல் தயாரிப்பில் இல்லை. ஆட்டின் உடல் அந்தக் கலவையை எதிர்கொள்ளும் விதத்தில் இருந்தது.

இதற்கு ஆன்டிஜன் போட்டி என்று பெயர். ஆன்டிஜன் என்பது உடல் அந்நியமானது என்று அடையாளம் காணும் பொருள்; இங்கே அது இழை. ஒரு கல்யாண வீட்டில் ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்துவைத்தால், பெயர், ஊர், என்ன வேலை எல்லாம் நினைவிருக்கும். ஒரே மூச்சில் பத்துப் பேரை, அதுவும் ஒரே சாயலுள்ள அண்ணன் தம்பிகளை அறிமுகம் செய்தால்? எல்லோரையும் லேசாகத் தெரியும், ஒருவரையும் சரியாகத் தெரியாது. உடலின் எதிர்ப்பு மண்டலத்திலும் இதுபோல ஒன்று நடக்கிறது. எதிர்ப்பொருளைத் தயாரிப்பவை பி செல்கள். அவை முழு வேகத்தில் வேலை செய்ய, உதவி டி செல்கள் என்பவற்றின் ஒப்புதல் வேண்டும். பத்து வகை இழைகளும் வெளிப்பார்வைக்கு வேறுபட்டாலும் உள்ளுக்குள் பல பகுதிகளில் ஒத்திருப்பவை. அதனால் பத்து வகைகளுக்கான பி செல்களும் ஏறக்குறைய ஒரே உதவியாளர் கூட்டத்திடம் போய் நிற்கின்றன. உதவி பங்கிடப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறைகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

முன்பு மனதில் வைக்கச் சொன்ன வரியை இப்போது எடுங்கள். குளம்புத் தோலுக்குக் கசிந்து போவது ஒரு பங்குதான். இரத்தத்தில் அளவு மிக உயரத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு. வேறு சில நோய்களில் எதிர்ப்பொருள் பாதியாகக் குறைந்தாலும் சமாளித்துவிடலாம். குளம்பழுகலில் அந்தக் குறைவு நேராகக் காலில் தெரியும்.

குறைவாகக் கொடுத்து நிறையப் பெறுவது

எஜர்ட்டனும் சிட்னி பல்கலைக்கழகத்தில் அவரோடு பணியாற்றியவர்களும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். எல்லா ஊசியிலும் எல்லா வகையும் எதற்கு? இந்த மந்தையில் எந்த வகை இருக்கிறதோ அதை மட்டும் வைத்து ஊசி தயாரித்தால் என்ன?

முதல் பெரிய சோதனைக் களம் நேபாளம். அங்கே செம்மறியும் வெள்ளாடுமாகப் பெரிய மந்தைகள் கோடையில் இமயத்தின் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறி, குளிர்காலத்தில் பள்ளத்தாக்குக்கு இறங்கும். பல மந்தைகள் ஒரே புல்வெளியைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு மந்தையின் நோய் எல்லோருடைய நோய். அந்த மந்தைகளிலிருந்து கிருமியை எடுத்துப் பரிசோதித்தபோது, கடுமையான நோயை உண்டாக்குபவை மிகச் சில வகைகள் மட்டுமே என்று தெரிந்தது. அவற்றுக்கு மட்டும் ஊசி தயாரித்துப் போட்டார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: கடுமையான குளம்பழுகல் அந்த மந்தைகளிலிருந்து மறைந்துவிட்டது. லேசான வகைக் கிருமிகள் தொடர்ந்து இருந்தன. அவற்றுக்கு ஊசி போடவே இல்லை என்பதால் அது எதிர்பார்த்ததுதான், ஊசியால்தான் நோய் போனது என்பதற்கு ஒரு மறைமுகச் சான்றும்கூட. பூடானிலும் இதே முறையில் பி வகைக்கு மட்டும் ஊசி போட்டு, வலசை போகும் மந்தைகளிலிருந்து நோயை நீக்கினார்கள். அந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது.

வலசை போகும் மந்தையில் தினமும் காலைத் தூக்கி மருந்து போடுவது நடக்கிற காரியம் இல்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை மந்தையைக் கூட்டி நிறுத்தி ஊசி போட முடியும். வசதி குறைந்த மலைப்பாதைகளில் ஒரு நோயை ஊசியாலேயே துடைத்தெடுத்தார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. காஷ்மீரில் நடந்த ஆய்வுகளிலும் பி வகையே மிகுதியாகக் காணப்பட்டது. அங்கேயும் இந்த அணுகுமுறைக்கு நல்ல இடம் இருக்கிறது.

மந்தையில் நாலைந்து வகைகள் இருந்தால்? அதற்கும் ஆஸ்திரேலியாவில் வழி தேடினார்கள். ஒரு ஊசியில் இரண்டு வகை வரை கலந்தால் எதிர்ப்பொருள் அளவு பெரிதாக விழுவதில்லை. எனவே முதலில் இரண்டு வகைக்கு ஊசி, சில மாத இடைவெளி விட்டு அடுத்த இரண்டு வகைக்கு ஊசி என்று தவணையாகப் போட்டார்கள். அறிமுகப் படலத்தை இரண்டு இரண்டு பேராக நடத்துவது மாதிரி.

இது நடைமுறைக்கு வந்ததற்கு இன்னொரு முன்னேற்றமும் துணை. முன்பெல்லாம் ஒரு கிருமியின் வகையை அறிய, அதை ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்து, ஒவ்வொரு வகைக்கும் எதிரான எதிர்ப்பொருள் உள்ள சீரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்போது குளம்பிடுக்கில் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்த மாதிரியிலிருந்து, பி.சி.ஆர். முறையில் இழை மரபணுவைப் பெருக்கி, வகையைச் சில நாளில் சொல்லிவிடலாம்.

கடுமையானவன் யார், சாதுவானவன் யார்

வகை மட்டும் தெரிந்தால் போதாது. டைகிலோபாக்டரிலேயே கடுமையான நோயை உண்டாக்கும் கிருமியும் உண்டு, தோலில் லேசான அழற்சியோடு நிற்கும் சாதுவான கிருமியும் உண்டு. இரண்டையும் பிரிப்பது அந்த அரிக்கும் நொதிகள். அவற்றில் முக்கியமான ஒரு நொதியில் கடுமையானதற்கும் சாதுவானதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு அமினோ அமிலம். நூற்றுக்கணக்கான மணிகள் கோத்த மாலையில் ஒரு மணி மாறியதால் வரும் வேறுபாடு. இந்த வேறுபாட்டைப் பிடிக்கும் பி.சி.ஆர். சோதனையை ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். 2024 அக்டோபரில் அந்த நாடு தொடங்கிய தேசியக் குளம்பழுகல் கட்டுப்பாட்டுத் திட்டம் கடுமையான கிருமியைத் தேடிப் பிடிப்பதையே அடிப்படையாகக் கொண்டது.

பத்து வகைக்கும் பொதுவான ஏதாவது ஒரு பகுதியை எடுத்து, ஒரே ஊசியால் எல்லாவற்றையும் தடுக்க முடியாதா என்ற கேள்வி இயல்பாக வரும். அந்தத் தேடல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2007-ல் இந்தக் கிருமியின் முழு மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டது. சுமார் 14 லட்சம் எழுத்துகள். பாக்டீரியாக்களில் இது சிறிய தொகுதி. அதில் மேற்பரப்பில் தெரியக்கூடிய புரதங்களைக் கணினியால் பொறுக்கி, எவை தடுப்பூசிக்கு உதவும் என்று பார்க்கத் தொடங்கினார்கள். நொதிகளையே குறிவைக்கும் முயற்சிகளும் நடந்தன. இழைக்கு இணையான பாதுகாப்பைத் தரும் பொதுப் புரதம் எதுவும் இதுவரை சந்தைக்கு வரவில்லை.

இந்தத் தேடல் தேவை என்பதற்கு ஒரு காரணம், கிருமியால் சட்டை மாற்ற முடியும் என்பது. டைகிலோபாக்டர் தன்னைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. துண்டுகளை உள்வாங்கிக்கொள்ளக் கூடியது. இழை மரபணுவை அப்படி மாற்றி, ஒரு வகைக் கிருமியை இன்னொரு வகையாக்க முடியும் என்று 2003-ல் ஆய்வகத்தில் காட்டினார்கள். ஒரு காலில் இரண்டு வகைகள் சேர்ந்து வாழும்போது மந்தையிலும் அது நடக்கலாம். எனவே ஒரு வகைக்கு ஊசி போட்ட பிறகும், புதிதாக நொண்டும் ஆடு தென்பட்டால் மறுபடி மாதிரி எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஊசியைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகள்

எதிர்ப்பொருளை உயரத்துக்குக் கொண்டுபோக, கிருமியை எண்ணெய்க் குழம்பில் கலந்து கொடுக்கிறார்கள். எண்ணெய் ஊசி போட்ட இடத்தில் நீண்ட காலம் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமிப் பொருளை வெளிவிடும். அதன் விலை, அந்த இடத்தில் வீக்கம். சில ஆடுகளில் கட்டியாகிச் சீழும் வைக்கும். கம்பளி கத்தரிப்பதற்கு முன்பும், குட்டி ஈனும் நாளுக்கு நாலு வாரம் முன்னும் பின்னும் போடுவதைத் தவிர்க்கச் சொல்வார்கள். மாக்ஸிடெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை ஊசியாகப் பெற்ற ஆடுகளுக்கு, விற்பனையில் உள்ள ஒன்பது வகை ஊசியைப் போடக் கூடாது. ஆபத்தான எதிர்வினை வரலாம். இதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ஊசி போடுபவரின் விரலில் தவறிக் குத்திவிட்டால் அதைச் சிறு காயமாக எண்ணிவிடாதீர்கள். எண்ணெய் விரலுக்குள் அழுத்தத்தை உண்டாக்கி இரத்த ஓட்டத்தையே அடைத்துவிடும். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மருந்துக் குப்பியின் அட்டையையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

முதல் முறை இரண்டு தவணை, சில வார இடைவெளியில். பிறகு ஈரக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு ஊக்கத் தவணை. நோய் பரவுவது ஈரத்தில் என்பதால், எதிர்ப்பொருளின் உச்சம் மழையோடு பொருந்தும்படி நாள் குறிப்பதில்தான் திறமை இருக்கிறது.

ஊசி மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடாது. நொண்டும் ஆட்டைப் பிரித்து வைத்து, மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாடிக்கை உடனே (மாதிரி எடுப்பதானால் எடுத்த கையோடு) கொடுப்பது, துத்தநாக சல்ஃபேட் கரைசலில் கால்களை நனைப்பது, புதிதாக வாங்கும் ஆட்டை மந்தையில் சேர்க்காமல் சில வாரம் தனியே வைப்பது, திரும்பத் திரும்ப நோயாகும் ஆட்டைக் கழிப்பது என எல்லாம் சேர்ந்தால்தான் பலன். அழுகிய குளம்பை ஆழமாகச் சீவி எடுக்கும் பழைய வழக்கத்தை மட்டும் கைவிடச் சொல்கிறேன். அப்படிச் சீவுவது குணமாவதைத் தாமதப்படுத்துகிறது என்று பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் தெளிவாகக் காட்டிவிட்டன. ஆட்டுக்கும் வீண் வதை.

மாடுகளின் குளம்பைத் தாக்கும் இன்னொரு பாக்டீரியா நோயான டிஜிட்டல் டெர்மடைடிஸ், இத்தாலியில் 1974-ல் முதலில் விவரிக்கப்பட்டது. குதிகாலுக்கு மேலே ஸ்ட்ராபெர்ரிப் பழம்போலச் சிவந்த புண் வரும். கறவை மாடுகள் வலியால் கால் மாற்றி மாற்றி நிற்கும். அதில் திருகுபோன்ற உடலுள்ள ட்ரிபொனீமா வகைக் கிருமிகள் ஒரே புண்ணில் பல இனங்களாகக் கூடியிருக்கின்றன. அதற்கு நம்பகமான தடுப்பூசி இன்னும் கிடைக்கவில்லை. ஆட்டில் ஒரு கிருமி பத்து முகம் காட்டுகிறது என்றால், மாட்டில் பல கிருமிகள் கூட்டாக வருகின்றன. எந்த முகத்தை ஊசியில் காட்டுவது என்ற முதல் கேள்விக்கே அங்கே இன்னும் விடை தேடுகிறார்கள்.

ஆட்டின் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு விடை நம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. மந்தையில் ஆடுகள் நொண்டத் தொடங்கினால், ஊசி வாங்குவதற்கு முன், ஆன்டிபயாடிக் போடுவதற்கும் முன், புதிதாக நோய் கண்ட சில ஆடுகளின் குளம்பிடுக்கிலிருந்து மாதிரி எடுத்து அனுப்ப முடியுமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து பட்ட காலில் கிருமி சிக்குவது கடினம். கிருமி கடுமையானதா, எந்த வகை, எத்தனை வகை என்ற மூன்று பதில்களும் வந்த பிறகு எந்த ஊசி என்று முடிவு செய்யலாம்.